கல்லில் கண்ட கடவுள் – கடல்மல்லைத் தளிகள்
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடவாக்கத்தில் இன்று புதிய கலசங்கள் விமானத்தின்மீது ஒளி வீசுகின்றன. வேதியரின் மறையொலியும் ஓதுவாரின் திருமுறை இசையும் இன்னும் நம் செவிகளில் நிறைந்திருக்கின்றன. இத்தகைய நன்னாளில், “மாமல்லபுரத்துக் குடைவரைகளும் சிற்பங்களும்” என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். குடமுழுக்குக் காணும் நம்மூர்க் கோயிலுக்கும், பன்னூறு ஆண்டுகளாகக் குடமுழுக்கே காணாமல் கடற்கரையில் நிற்கும் அத்தளிகளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு மிக நெருங்கியது என்பதே அடியேன் கருத்து. இங்கிருந்து கிழக்கே சோழிங்கநல்லூர் சென்று, அங்கிருந்து தெற்கு நோக்கித் திரும்பினால், ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் மாமல்லையை அடைந்துவிடலாம். நாம் இன்று வணங்கும் கற்கோயிலின் வடிவம் உருவான பட்டறைகளுள் தலையாயது அவ்வூரே.

தமிழகத்தில் கோயில்கள் பல்லவர்க்கு முன்பே இருந்தன. ஆயின் அவை செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் ஆனவை. மழையும் காற்றும் கறையானும் தீயும் அவற்றை விட்டுவைக்கவில்லை. கல்லைக் கோயிலுக்குப் பயன்படுத்த அந்நாளில் தயக்கமும் இருந்தது. இறந்த வீரர்க்கு நடுகல் நாட்டும் மரபு வழங்கிய நாடாதலின், கல் என்பது நீத்தார் நினைவுக்கு உரியது என்ற எண்ணம் இருந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர்.

அத்தயக்கத்தை உடைத்த பெருமை முதலாம் மகேந்திரவர்மனைச் சாரும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இம்மன்னன், விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு பாறையைக் குடைந்து அயன், அரன், அரி ஆகிய மூவர்க்கும் தளி அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவும் இன்றி இதனைச் செய்வித்தேன் என்று அவன் அங்கே வடமொழியில் பொறித்து வைத்துள்ளான். விசித்திரசித்தன் என்பது அவன் பெயர்களுள் ஒன்று. புதியன எண்ணும் உள்ளம் உடையவன் என்பது அதன் பொருள். பெயருக்கு ஏற்ற செயலே செய்தான்.

இம்மன்னன் குடைவித்த தளியைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நமக்கு வடமேற்கே பல்லாவரத்துக் குன்றிலேயே ஒன்று உள்ளது. அதன் தூண்களிலும் உத்திரத்திலும் அவன் பட்டப்பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று அது இசுலாமிய அன்பர்களின் வழிபாட்டிடமாக விளங்குகிறது. பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் அக்குகையில் இறைவனின் பெயர் ஒலிக்காமல் போகவில்லை. எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

இனி மாமல்லைக்கு வருவோம். மகேந்திரன் மகன் முதலாம் நரசிம்மவர்மன். மல்லருள் சிறந்தவன் ஆதலின் மாமல்லன் எனப்பட்டான். 642-ஆம் ஆண்டளவில் சாளுக்கியரின் வாதாபியை வென்றவன் இவனே. அப்படையை நடத்திய பரஞ்சோதியாரே பின்னர்ச் சிறுத்தொண்ட நாயனாராக விளங்கினார் என்பது பெரியபுராணம் காட்டும் வரலாறு. அம்மாமல்லன் பெயரால் ஊர் மாமல்லபுரம் ஆயிற்று. கடற்கரையில் உள்ளமையால் அடியார்கள் அதனைக் கடல்மல்லை என்றனர். முதலாழ்வார் மூவருள் இரண்டாமவராகிய பூதத்தாழ்வார் குருக்கத்தி மலரில் அவதரித்த திருப்பதி இது. திருமங்கையாழ்வாரோ இவ்வூரைப் பாடுங்கால், யானைகளும் மணிகளும் பொன்னும் சுமந்து பாரத்தால் தாழ்ந்து நிற்கும் மரக்கலங்களைக் காட்டுகிறார். வாணிகத்தால் வந்த பொருள் வளமும், பத்தியால் வந்த உள்ள வளமும் ஒருங்கே நிறைந்த துறைமுகம் அது.

இவ்வூரின் தலபுராணம் ஓர் இனிய செய்தி கூறும். புண்டரீக முனிவர் தாமரை மலர்களைப் பறித்துத் திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமானுக்குச் சாத்த விரும்பினார். எதிரே கடல் தடுத்தது. அதனை இறைத்து வழி காண்பேன் என்று கைகளால் நீரை முகந்து கொட்டத் தொடங்கினார். பெருமான் முதியவர் வடிவில் வந்து, பசிக்கிறது, உணவு கொண்டு வா என்றார். முனிவர் உணவு கொணர்ந்து பார்க்கையில், பாம்பணையும் இன்றி வெறுந்தரையில் பெருமான் கிடந்தருளினார். அதனால் தலசயனப் பெருமாள் எனத் திருநாமம் வழங்குகிறது. கடலை இறைக்க முடியுமா என்று முனிவர் கணக்குப் பார்க்கவில்லை. கை வலிக்கும்வரை இறைத்தார். குன்றைக் குடைந்து கோயில் ஆக்க முடியுமா என்று சிற்பியும் கணக்குப் பார்க்கவில்லை. இவ்விருவர் உள்ளமும் ஒன்றே என்று அடியேனுக்குத் தோன்றுகிறது.

அச்சிற்பிகள் வேலை செய்த முறை என்ன? முற்றுப்பெறாத குகைகள் அதனை நமக்குக் கற்பிக்கின்றன. பாறையின் முகத்தைச் சமன் செய்து, அதனைச் சதுரம் சதுரமாக வகுத்து, சதுரங்களைச் சுற்றி உளியால் ஆழப் பள்ளம் வெட்டி, இடையில் நிற்கும் கல்லைத் தட்டிப் பெயர்த்தனர். பெயர்த்தபின் மீண்டும் சதுரம் வகுத்து உள்ளே சென்றனர். இத்தகைய சதுர அடையாளங்கள் இன்றும் அங்கே தெளிவாகத் தெரிகின்றன. கட்டடக் கோயில் அடித்தளத்தில் தொடங்கிக் கலசத்தில் முடியும். ஒற்றைக்கல் தளியோ கலசத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும். கட்டடத்தில் ஒரு கல் பழுதானால் மாற்றலாம். ஒரே பாறையில் மூக்கு நுனி உடைந்தால் அது உடைந்ததுதான். கருங்கல்லில் இத்துணை நுட்பமாக உளி ஓட வேண்டுமானால், கை மட்டும் பழகினால் போதாது; மனமும் ஒருமைப்பட வேண்டும்.

மன்னர் பெயர்கள் நூல்களில் உள. உளி பிடித்தவர் பெயர்? மாமல்லைக்கு அருகே பூஞ்சேரியில் ஒரு பாறையில் பழைய எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன் என்பது ஒன்று. குணமல்லன் என்பது மற்றொன்று. கொல்லன் ஒருவனின் பெயரும் அவற்றுள் உண்டு. நாள்தோறும் மழுங்கிய உளிகளைத் தீட்டிக் கொடுத்த கொல்லனுக்கும் அவ்வரிசையில் இடம் கிடைத்திருப்பது மகிழ்ச்சி தருவது. திருப்பணி என்பது பொருள் தந்தவர் பணி மட்டுமன்று. உலைக்களத்தில் வியர்த்தவனின் பணியும் ஆகும்.

ஊரின் தென்புறத்தில் ஐந்து இரதங்கள் நிற்கின்றன. பாண்டவர் பெயரால் மக்கள் அவற்றை அழைத்தாலும், பாண்டவர்க்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. தேர்களும் அல்ல, அவை விமானங்கள். வடகோடியில் உள்ள திரௌபதி இரதம் ஓலை வேய்ந்த குடிலின் வடிவம்; உள்ளே கொற்றவை நிற்கிறாள்; அவள் திருவடியில் ஓர் அடியவன் தன் தலையையே காணிக்கையாக அரியும் நிலையில் மண்டியிட்டுள்ளான். பீம இரதம் வண்டிக்கூண்டு போன்ற நீண்ட கூரையை உடையது. நகுல சகாதேவ இரதம் படுத்த யானையின் பின்புறம் போன்றது. இதனைத் தூங்கானை மாடம் என்பர். இக்கட்டட வடிவைக் கண்டவர்க்கு விளங்கும்பொருட்டோ என்னவோ, பக்கத்திலேயே ஒரு கல்யானையையும் சிற்பி நிறுத்தி வைத்தான்! தென்கோடியில் மூன்று நிலைகளோடு உயர்ந்து நிற்பது தருமராச இரதம். அர்த்தநாரி, அரியும் அரனும் ஓருருவான திருக்கோலம் முதலியன அதன் புறச்சுவர்களில் உள. மேல்நிலைக் கருவறையில் சோமாஸ்கந்த மூர்த்தம் உளது. இங்குள்ள கல்வெட்டு அதனை அத்யந்தகாம பல்லவேச்சுரம் என்று குறிக்கிறது.

குடில், கூடம், மாடம் எனத் தமிழர் மரத்தாலும் ஓலையாலும் கட்டி வாழ்ந்த வடிவங்கள் அனைத்தும் இங்கே கல்லில் ஏறியிருக்கின்றன. விட்டத்தின் முனையும் கூரையின் வளைவும் கல்லில் அப்படியே காட்டப்பட்டுள்ளன. நம்மூர்க் கோயில் விமானத்தை அண்ணாந்து பாருங்கள்: சாலை, கூடு, கபோதம், சிகரம் என்று தபதியார் பெயர் சொல்லும் உறுப்புகள் எல்லாம் அங்கிருந்து வந்தவையே.

இவற்றை எடுப்பித்தவர் யார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாமல்லன் தொடங்க, அவன் வழியினர் தொடர்ந்தனர் என்பது பலர் கொள்கை. அனைத்தும் இராசசிம்மன் ஒருவன் செய்வித்தனவே என்று 1962-ஆம் ஆண்டில் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி வாதிட்டார். ஆராய்ச்சி தொடரட்டும். அடியார்க்குச் சிற்பங்களின் பொருளே முதன்மை.

அவற்றுள் மகிடாசுரமர்த்தினி குகையை அன்பர்கள் பொறுமையோடு காண வேண்டும். ஒரு சுவரில் எண்கையளாகிய தேவி அரிமாவின்மீது அமர்ந்து வில்லை வளைத்து வருகிறாள். எதிரே எருமைத் தலையும் மனித உடலுமாய் மகிடன் பெரிய கதையை ஏந்திப் பின்னோக்கிச் சாய்கிறான். அவன் இன்னும் வீழவில்லை. ஆயினும் தோற்றுவிட்டான் என்பதை அச்சாய்வே சொல்கிறது. உருவில் அவன் பெரியவன், தேவி சிறியவள். வெற்றி உருவத்தில் இல்லை என்பதைச் சிற்பி எத்துணை எளிதாகக் காட்டிவிட்டான்! எதிர்ச்சுவரில் திருமால் பாம்பணையில் அறிதுயில் கொள்கிறார். காலருகே மது, கைடபர் கதையேந்தித் தாக்கக் கருதி நிற்கின்றனர். பெருமானின் திருமேனியிலோ சிறு அசைவும் இல்லை. இடையே, நடுக் கருவறையில், உமையோடும் குழந்தை முருகனோடும் சிவபெருமான் வீற்றிருக்கிறார். ஒருபுறம் போர், ஒருபுறம் துயில், நடுவே இல்லற அமைதி. இறைவனின் மூன்று நிலைகளை ஒரே அறையில் ஒருவர் நின்ற இடத்தில் நின்று தரிசிக்கலாம்.

ஊர் நடுவே உள்ள பெரும்பாறைச் சிற்பம் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் 13 மீட்டர் வரை உயரமும் உடையது. ஒற்றைக் காலில் நின்று, எலும்பு தெரிய, கைகளை உயர்த்தித் தவம் செய்யும் ஒருவர். எதிரே வரந்தரும் சிவபெருமான். பாசுபதம் வேண்டிய அருச்சுனன் என்பர் சிலர். கங்கையைக் கொணர்ந்த பகீரதன் என்பர் சிலர். பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த பிளவில் நாகர்கள் மேல்நோக்கி நீந்துகின்றனர். அதன்மேல் நீர்த்தொட்டி இருந்து, வேண்டும்போது நீர் விழுந்திருக்கும் என்று கருதுவர். தேவரும் கின்னரரும் வேடரும் விலங்குகளும் அவ்வருளை நோக்கியே விரைகின்றனர். யானையின் காலடியில் குட்டிகள் தங்கள் உலகில் மகிழ்ந்திருக்கின்றன. இத்துணை பெரிய காட்சியின் கீழ்ப்புறத்தில் ஒரு பூனை, தவசியைப் போலவே கைகளை உயர்த்தி நிற்கிறது. அதனைச் சுற்றி எலிகள். மெய்த்தவமும் பொய்த்தவமும் தோற்றத்தில் ஒன்றே. கண்டு தெளிக என்று சிற்பி நகைத்துச் சொன்ன அறிவுரை இது. கோயிற் பணியில் ஈடுபடும் நாம் அனைவரும் அப்பூனையையும் ஒருமுறை பார்த்து வருவது நல்லது.

அடுத்துள்ள கிருஷ்ண மண்டபத்தில் கண்ணபிரான் கோவர்த்தன மலையை ஏந்தி நிற்க, அதன் நிழலில் ஓர் ஆயன் அமைதியாகப் பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. மேலே மலை தொங்குகிறதே என்ற அச்சம் பசுவுக்கும் இல்லை, ஆயனுக்கும் இல்லை. சரணாகதிக்கு இதைவிட விளக்கம் வேண்டுமோ?

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் அலைவாய்க் கரையில் கற்களை அடுக்கிக் கோயில் எடுத்தான். குடைவதிலிருந்து கட்டுவதற்குத் தமிழகம் திரும்பிய பெருந்திருப்பம் அது. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலும் அவன் எடுத்ததே. கடற்கரைக் கோயிலில் கிழக்கு நோக்கிய பெரிய சிவாலயம் ஒன்றும், மேற்கு நோக்கிய சிறிய சிவாலயம் ஒன்றும், இரண்டற்கும் இடையே கிடந்த பாறையிலேயே வடித்த பள்ளிகொண்ட பெருமாளும் உள்ளனர். சைவ வைணவப் பூசல் பேசுவோர் அங்கே சென்று நிற்கட்டும். ஒரே உப்புக்காற்று இருவரையும் தழுவிச் செல்கிறது.

அவ்வுப்புக்காற்றே அத்தளிகளுக்குப் பகையும் ஆயிற்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அது சிற்பங்களின் முகங்களைத் தேய்த்துவிட்டது. அலைதடுப்புச் சுவரும், மணற்காற்றைத் தடுக்கும் சவுக்குத் தோப்பும் அமைத்து இக்கோயிலைக் காத்து வருகின்றனர். 1984-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மாமல்லைச் சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அன்பர்களே! இங்கே ஒன்றை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். நம் கோயிலில் மூலத் திருமேனியைப் பீடத்தில் நிலைநிறுத்த அட்டபந்தனம் சாத்தினோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிப்பது மரபு. பாறையோடு பாறையாய் நிற்கும் மாமல்லைத் திருமேனிகளுக்கு அட்டபந்தனம் வேண்டியதே இல்லை, அவை அசையா. அழியாக் கோயில் எடுக்க வேண்டும் என்ற மன்னர் வேட்கை நிறைவேறிற்று. ஆயின் அவற்றுள் பெரும்பாலானவற்றில் இன்று விளக்கு இல்லை, மணியோசை இல்லை, ஒரு மலர் இல்லை. ஆதிவராகப் பெருமாள் குகையில் மட்டும் பூசை தொடர்கிறது. தலசயனப் பெருமாள் ஊர் நடுவே அடியார் சூழ எழுந்தருளியுள்ளார். ஏன் இவ்வேறுபாடு? கல்லின் உறுதியைக் கண்டு மட்டும் கோயில் வாழ்வதில்லை. நாள்தோறும் ஒருவர் கதவு திறந்து, ஒருவர் விளக்கேற்றி, ஒருவர் மலர் கொணர்ந்து, ஒருவர் வணங்குவதால்தான் அது வாழ்கிறது. திருமேனியை ஊரோடு பிணைக்கும் பந்தனம் அதுவே. அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அன்று, நாள்தோறும் சாத்தப்பட வேண்டியது.

மற்றொரு செய்தியும் கேளுங்கள். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. எத்தனையோ குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்திய அவ்வலை, மாமல்லைக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துப் பாறை ஒன்றின் கல்வெட்டுகளை வெளிக்காட்டியது. அவ்வூரின் பழம்பெயர் திருவிழிச்சில். அங்கே ஒரு முருகன் கோயில் இருந்தது என்பதை அவ்வெழுத்துகள் கூறின. எழுத்துக் காட்டிய வழியே தொல்லியல் துறையினர் 2005-ஆம் ஆண்டில் அகழ்ந்தனர். வடக்கு நோக்கிய முருகன் கோயில் மணலுக்கடியில் கிடந்தது. பல்லவர் காலக் கற்பணிக்கு அடியில், அதனினும் தொன்மையான செங்கற் கோயில் இருந்தது. கல்லால் ஆன வேலும் கிடைத்தது. விளக்கெரிக்கப் பொன் வைத்த அடியார்களின் அறமும் அங்குள்ள கல்வெட்டுகளில் உளது. விளக்கு அணைந்தது, கோயில் மறைந்தது, ஊர்ப்பெயரும் மறந்தது. எழுத்து மட்டும் காத்திருந்து, முருகன் இங்கே இருக்கிறான் என்று சொல்லிற்று.

இதனை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. திருப்பணி என்ற நல்ல எண்ணத்தாலேயே பழங்கோயில்கள் பல இடங்களில் ஊறுபடுகின்றன. தூண்களைப் பளிச்செனக் காட்ட வேண்டும் என்று விசைக்காற்றில் மணலைப் பீய்ச்சித் தேய்க்கின்றனர். அழுக்குப் போகிறது, அதனோடு சிற்பத்தின் கண்ணிமையும் கல்வெட்டின் எழுத்தும் போய்விடுகின்றன. கடற்காற்று ஆயிரம் ஆண்டில் செய்யும் அழிவை நாம் ஒரே நாளில் செய்துவிடுகிறோம். அறநிலையத் துறை இம்முறையைத் தடை செய்திருப்பது மிகவும் பொருத்தமே. கருங்கல் தரையின்மேல் வழவழப்பான ஓடு பதிப்பதும், கல்தூணுக்கு எண்ணெய் வண்ணம் பூசுவதும், கல்வெட்டை மறைத்துச் சிமெண்டு பூசுவதும் அன்பினால் செய்யும் தவறுகள். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவருக்குச் சிமெண்டு ஒவ்வாது. ஈரத்தை உள்ளே அடக்கிச் சுவரை அரித்துவிடும்.

நன்கொடையாளர்களே! உங்கள் கொடையால்தான் இக்கலசம் ஏறியது. உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். முதலாவது: பழைய கல் ஒன்று கோயில் வளாகத்தில் கிடந்தால், அது உடைந்ததாயினும் அப்புறப்படுத்தாதீர்கள், அறிந்தவர்க்குக் காட்டுங்கள். இரண்டாவது: கட்டுவதற்குத் தருவது போலவே நித்திய பூசைக்கும் விளக்குக்கும் மடைப்பள்ளிக்கும் தாருங்கள். பழைய அடியார் பொன் வைத்தது கோபுரத்திற்கு மட்டும் அன்று, ஒரு விளக்கு அணையாமல் எரிவதற்கும்தான். மூன்றாவது: உங்கள் பிள்ளைகளை ஒரு நாள் மாமல்லைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே 1957-ஆம் ஆண்டு முதல் அரசினர் சிற்பக் கல்லூரி நடைபெறுகிறது. தெருவெங்கும் உளியோசை கேட்கிறது. இன்று தமிழகத்திலும் கடல் கடந்த நாடுகளிலும் எழும் கோயில்கள் பலவற்றுக்கு அங்கிருந்தே திருமேனிகள் செல்கின்றன. அக்கலை வாழ வேண்டுமானால், காண்பவர் கண் பழகியிருக்க வேண்டும்.

ஏரியும் வயலுமாக இருந்த நம் மேடவாக்கம் இன்று அடுக்குமாடிகள் நிறைந்த நகர்ப்பகுதியாக மாறிவிட்டது. பல ஊர்களிலிருந்து வந்து குடியேறியோர் இங்கே வாழ்கின்றனர். அவரவர் குலதெய்வம் எங்கெங்கோ உளது. இத்தனை பேரையும் ஒரே வாயிலில் நிறுத்தி வைப்பது இத்திருக்கோயில். அலைகடலோரத்தில் அரனும் அரியும் ஒருங்கே எழுந்தருளியது போல, இவ்வூர் மக்கள் அனைவரும் ஒருங்கே நின்று இக்கோயிலைப் பேண வேண்டும். கட்டியவர் பெயர் மறையலாம். கல்லும் ஒருநாள் தேயலாம். மாலை வேளையில் ஏற்றும் விளக்கு மட்டும் எந்நாளும் அணையாதிருக்கட்டும்.

மழை பொழிக! ஊர் செழிக்க! திருப்பணி செய்தோர் குடி நீடு வாழ்க! இறைவன் திருவருள் என்றும் துணை நிற்க!